விசா தராத தூதரகம்: இணையத்தில் கடை விரிக்கும் வெளியுறவுத் துறைகள்

2025 ஜனவரி 17 அன்று பெங்களூருவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. விழாவில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் அப்போதைய அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டியும் இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: இனி விசாவுக்குச் சென்னை ஜெமினி மேம்பாலம் வரை வர வேண்டாமா? உடனடியாக விசா சேவை கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். பழைய செய்திகளைப் புரட்டியவர்களுக்கு அடுத்த குழப்பம் வந்தது. பெங்களூருக்கென்று அமெரிக்கா முன்பே ஒரு ‘மெய்நிகர் துணைத் தூதரகம்’ நடத்தியதே, அது என்ன? கட்டடம் இல்லாமல், விசாவும் தராமல் ஒரு தூதரகம் எதைத்தான் செய்தது?

இதைப் புரிந்துகொள்ள, செங்கல் சிமெண்ட் தூதரகத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தூதரகத்தின் வேலை என்ன?

விசா கவுண்ட்டர் என்பது தூதரகத்தின் ஒரு ஜன்னல் மட்டும். தூதரக உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு ஐந்து வேலைகளைப் பட்டியலிடுகிறது. தன் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவது, தன் குடிமக்களின் நலனைக் காப்பது, அந்நாட்டு அரசுடன் பேச்சு நடத்துவது, அங்கே நடப்பதைச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது, நட்புறவை வளர்ப்பது. தலைநகரில் இருப்பது தூதரகம். மற்ற நகரங்களில் இருப்பவை துணைத் தூதரகங்கள். இவற்றுக்கு 1963இல் தனியாக ஒரு வியன்னா ஒப்பந்தம் வந்தது.

இந்த ஐந்தில் இணையம் வழியாக ஓரளவுக்காவது செய்யக்கூடியவை கடைசி இரண்டு: அறிந்துகொள்வது, நட்பு வளர்ப்பது. இணையத் தூதரகம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் அடங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யோசனை பிறந்த இடம் பிரான்ஸ்

பனிப்போர் முடிந்ததும் செலவைக் குறைக்க அமெரிக்கா பல துணைத் தூதரகங்களை மூடியது. பிரான்சில் போர்தோ, லியோன் போன்ற பெரிய வணிக நகரங்களிலேயே அமெரிக்க அலுவலகம் இல்லாமல் போனது. 1997இல் பாரிசுக்குத் தூதராக வந்த ஃபெலிக்ஸ் ரோஹடின் அடிப்படையில் ஒரு முதலீட்டு வங்கியாளர். அவர் வங்கிக் கிளை திறப்பதுபோல் யோசித்தார். ஒரு நகரத்துக்கு ஒரே ஒரு அமெரிக்க அதிகாரி, உதவிக்கு உள்ளூர்ப் பணியாளர் ஓரிருவர், ஒரு சின்ன அலுவலகம், வழக்கமான விசா வேலை இல்லை. மேயரைச் சந்திப்பது, தொழில் சங்கத்தில் பேசுவது, பல்கலைக்கழகத்துக்குப் போவது, இவ்வளவுதான் வேலை. லியோன், துலூஸ், ரென், லீல், போர்தோ என்று இவை முளைத்தன. ‘அமெரிக்கன் பிரசன்ஸ் போஸ்ட்’ என்று பெயர்.

1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபி, தார் எஸ் சலாம் இரண்டு ஊர்களிலும் அமெரிக்கத் தூதரகங்கள் முன்பு குண்டு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கா தூதரகக் கட்டடங்களுக்குக் கடுமையான பாதுகாப்புச் சட்டம் போட்டது. சாலைக்கும் கட்டடத்துக்கும் நடுவே 100 அடி இடைவெளி வேண்டும் என்பது அதில் ஒன்று. ஊருக்கு நடுவில் அப்படி ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று சொல்லத் தேவையில்லை. ஹைதராபாத்தில் 2023 மார்ச்சில் செயல்படத் தொடங்கிய புதிய துணைத் தூதரக வளாகத்துக்கு ஆன செலவு 34 கோடி டாலர். ஊருக்கு ஊர் இப்படிக் கட்டிக்கொண்டிருக்க எந்த நாட்டாலும் முடியாது.

இந்த இடத்தில்தான் 2006 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸ் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை வருகிறது. 8.2 கோடிப் பேர் வாழும் ஜெர்மனியில் வெளியுறவுத் துறைக்கு எத்தனை பணியாளர்களோ, நூறு கோடிப் பேர் வாழும் இந்தியாவிலும் கிட்டத்தட்ட அத்தனை பேர்தான் என்றார். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஏறத்தாழ 200 நகரங்களில் அமெரிக்காவுக்கு எந்த அலுவலகமும் இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று ‘வர்ச்சுவல் பிரசன்ஸ் போஸ்ட்’, அதாவது இணைய நிலையம். ஒரு நகரத்துக்கென்றே இளநிலை அதிகாரிகள் நடத்தும் இணையதளம்.

ரைஸ் பேசுவதற்கு முன்பே இது சோதிக்கப்பட்டிருந்தது. ஆரம்ப கால உதாரணம் ரஷ்யாவின் யூரல் பகுதியில் உள்ள செல்யாபின்ஸ்க். பத்து லட்சம் பேர் வாழும் தொழில் நகரம். சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் நுழையவே முடியாத ஊர். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் யெகாடெரின்பர்க் துணைத் தூதரகம் அதை இணையம் வழியாகக் கவனித்துக்கொண்டது. பிறகு பிலிப்பைன்சின் தாவோ, காசா, சோமாலியா, செஷல்ஸ் என்று பட்டியல் நீண்டது. பெங்களூருவுக்கான பொறுப்பு சென்னைத் துணைத் தூதரகத்திடம் இருந்தது. கர்நாடகம் அதன் பணி எல்லைக்குள் இருந்தது என்பதே காரணம்.

உள்ளே எப்படி ஓடுகிறது

வெளியிலிருந்து பார்த்தால் ஓர் இணையதளம். உள்ளே இருக்க வேண்டியவை இவை:

1. பொறுப்பாளர். தாய்த் தூதரகத்தில் ஓர் அதிகாரியிடம் அந்த ஊர் ஒப்படைக்கப்படும். அவருக்கு வேறு முழுநேர வேலையும் இருக்கும். இது அதற்கு மேல் வருவது.

2. பயணம். வரவு செலவில் இதற்குப் பணம் ஒதுக்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை ஆட்கள் நேரில் போய் வர வேண்டும். கல்லூரி, வணிகர் சங்கம், உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகம் என்று ஒரே நடையில் பலரையும் பார்த்துவிட்டு வருவார்கள்.

3. உள்ளூர் விஷயம். தளத்தில் வாஷிங்டன் அறிக்கையை மட்டும் ஒட்டினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஊர் மாணவருக்கு எந்த உதவித்தொகை பொருந்தும், அந்த ஊர் ஏற்றுமதியாளருக்கு எந்தக் கண்காட்சி உதவும் என்பதுதான் ஆளை இழுக்கும்.

4. பழைய மாணவர்கள். பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போய்த் திரும்பியவர்கள். தூதரகம் பேசுவதைவிட இவர்கள் பேசுவது ஊருக்குள் எடுபடும்.

இரண்டாவதும் நான்காவதும் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது அறிவிப்புப் பலகை. பல இணைய நிலையங்கள் வாடிப்போனதற்கு என் கணக்கில் முதல் காரணம் தொழில்நுட்பமே அல்ல, பணிமாற்றம். அமெரிக்க அதிகாரி ஓர் ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பார். ஆர்வமாகத் தொடங்கியவர் மாற்றலாகிப் போவார். அடுத்து வருபவருக்கு அது இன்னொரு கோப்பு. பிறகு ஃபேஸ்புக் பரவியதும் ஊருக்கொரு தளம் என்ற ஏற்பாட்டுக்கே அவசியம் குறைந்துவிட்டது. தாய்த் தூதரகம் போனால் பிள்ளையும் போகும் என்பதும் உண்டு: யெகாடெரின்பர்க் துணைத் தூதரகமே 2021இல் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஒரு நாட்டில் தூதரகம் திறக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும்; வியன்னா ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு. தலைநகருக்கு வெளியே இன்னொரு அலுவலகம் போட வேண்டுமானாலும் முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும், 12ஆம் பிரிவு. இணையதளத்துக்கு? 1961இல் அப்படி ஒன்றை யாரும் கற்பனை செய்யவில்லை. கட்டடம் இல்லை என்பதால் அது அலுவலகம் ஆகாது, எனவே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது திறப்பவரின் வாதம்.

இந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு. தூதரக வளாகத்துக்குள் உள்ளூர்ப் போலீஸ் அனுமதியின்றி நுழைய முடியாது என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகமே இல்லை என்று நீங்களே சொன்ன பிறகு அந்தக் காப்பைக் கேட்க முடியாது. உள்ளூர் அரசு நினைத்தால் தளத்தை முடக்கிவிடலாம், கேட்க ஆளில்லை. சர்வருக்குத் தூதரகக் காப்பு வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். எஸ்டோனியா 2017இல் லக்சம்பர்க்குடன் அப்படித்தான் போட்டது. தன் அரசுப் பதிவேடுகளின் நகலை லக்சம்பர்க்கில் உள்ள தரவு மையத்தில் தூதரகத்துக்கு ஒப்பான பாதுகாப்புடன் வைத்திருக்கிறது. இதற்கு ‘தரவுத் தூதரகம்’ என்று பெயர். அங்கே யாரும் யாரோடும் நட்பு வளர்ப்பதில்லை, அது வேறு சங்கதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு முடிச்சு 41ஆம் பிரிவில் இருக்கிறது. தூதரகம் தன் அலுவல்களை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் வழியாகத்தான் செய்ய வேண்டும், உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது. மக்களோடு நேரடியாகப் பேசுவது தலையீடா, நட்பா? கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

தெஹ்ரான்: ஒரு நாளில் முடங்கியது

அமெரிக்கா 1980 ஏப்ரலில் ஈரானுடன் உறவை முறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு தெஹ்ரானில் அமெரிக்க நலன்களைக் கவனிப்பது சுவிட்சர்லாந்து தூதரகம். விசா வேண்டிய ஈரானியர் அங்காரா, யெரெவான், துபாய் என்று வெளிநாட்டில் எங்காவது போயாக வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் 2011 டிசம்பர் 6 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை ‘மெய்நிகர் தூதரகம், தெஹ்ரான்’ என்ற தளத்தைத் திறந்தது. ஆங்கிலம், பாரசீகம் இரண்டிலும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்வது எப்படி, விசாவுக்கு எங்கே போவது, ஈரான் குறித்த அமெரிக்க அறிக்கைகள் எல்லாம் அதில். ஹிலாரி கிளின்டனின் காணொளிச் செய்தியும் இருந்தது. இது முறையான தூதரகம் அல்ல, ஈரான் அரசின் அங்கீகாரம் பெற்றதும் அல்ல என்று தளமே ஒப்புக்கொண்டது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். தெஹ்ரானில் பிரிட்டன் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்து சூறையாடி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த நாளே ஈரானுக்குள் தளம் முடக்கப்பட்டது. வெள்ளை மாளிகை கண்டித்தது, அவ்வளவுதான். தடையைத் தாண்ட வி.பி.என். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். அதாவது படித்த, நகரத்து, ஏற்கெனவே வெளியுலகத்தோடு தொடர்புள்ள ஆட்கள். எட்டாதவர்களை எட்டுவதற்காகத் திறந்த வாசலில் எட்டியவர்களே மறுபடி வந்து நின்றார்கள்.

அதற்காகத் தோல்வி என்று முத்திரை குத்திவிடவும் முடியாது. விசா விதிகள் மாறும்போது ஓர் ஈரானிய மாணவர் தன் மொழியில் அதிகாரபூர்வமாகச் சரிபார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. தரகர்களின் பேச்சை மட்டுமே நம்பியிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

விளையாட்டு உலகத்தில் போட்ட கொடி

‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தில் 2007 மே 22 அன்று மாலத்தீவு தூதரகம் திறந்தது. ஒரு வாரம் கழித்து, மே 30 அன்று, ஸ்வீடனின் வெளியுறவு அமைச்சர் கார்ல் பில்ட் தன் அவதார் உருவத்தில் வந்து அந்நாட்டு ‘தூதரகத்தை’த் திறந்துவைத்தார். ஆண்டு இறுதியில் எஸ்டோனியாவும் சேர்ந்தது. அப்புறம் கூட்டம் வேறு தளங்களுக்கு நகர்ந்தது. 2012 வாக்கில் ஸ்வீடனும் மாலத்தீவும் கடையைக் கட்டின. 2021இல் ‘டீசென்ட்ராலேண்ட்’ என்ற மெட்டாவெர்சில் (இதுவும் ஒரு மெய்நிகர் உலகம்தான்) தூதரகம் அமைப்பதாக பார்படோஸ் அறிவித்தது. மெட்டாவெர்ஸ் மோகம் தணிந்ததும் அந்தப் பேச்சும் தணிந்தது. உலகெங்கும் கட்டடம் கட்ட வசதியில்லாத சிறிய நாடுகள் இப்படித் தேடுவது நியாயமே. ஆனால் ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வரில் கொடி நடுவதும், அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் நடுவதும் சேர்ந்தால் விளம்பரத்துக்கு மேல் எதுவும் மிஞ்சாது.

பெய்ஜிங்: எதிர்பாராமல் வேலை செய்தவை

மக்களோடு உறவு என்ற அளவுகோலில் பார்த்தால், இணையத் தூதரகம் என்று பெயர் வைக்காமலே நடந்த இரண்டு விஷயங்கள்தான் உண்மையில் பேசப்பட வேண்டியவை. இரண்டும் சீனாவில்.

முதலாவது காற்று. 2008இல் பெய்ஜிங் அமெரிக்கத் தூதரகத்தின் கூரையில் ஒரு கருவி வைத்து, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அளவை மணிக்கொருமுறை ட்விட்டரில் போட்டார்கள். தங்கள் ஊழியர்களுக்காக என்று சொல்லித் தொடங்கியது. அப்போது பெய்ஜிங் நகர அரசு அந்த நுண்துகள் கணக்கை வெளியிடவே இல்லை. 2010 நவம்பரில் அளவு காற்றுத் தர அட்டவணையின் உச்சமான 500ஐத் தாண்டியபோது தூதரகத்தின் ட்விட்டர் கணக்கு ‘பைத்தியக்காரத்தனமாக மோசம்’ என்ற பொருளில் ஒரு வரியைத் தானாகவே வெளியிட்டது. ட்விட்டர் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தும், செயலிகள் வழியாக எண் பரவியது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று பார்ப்பவர்களுக்கு அது தேவைப்பட்டது. 2012இல் பெய்ஜிங் தானே பி.எம். 2.5 அளவை வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில், வெளிநாட்டுத் தூதரகங்கள் இப்படி வெளியிடுவது வியன்னா ஒப்பந்தத்துக்கு ஒவ்வாதது என்று சீனச் சுற்றுச்சூழல் துணை அமைச்சர் வூ சியாவோசிங் ஆட்சேபித்தார்.

இரண்டாவது ஒட்டகச்சிவிங்கி. 2024 பிப்ரவரி தொடக்கத்தில் அமெரிக்கத் தூதரகம் சீனச் சமூக ஊடகமான வெய்போவில் உள்ள தன் பக்கத்தில், நமீபியாவில் ஜி.பி.எஸ். மூலம் ஒட்டகச்சிவிங்கிகளைக் காப்பது பற்றி ஒரு சாதாரணப் பதிவு போட்டது. அந்த வாரம் சீனப் பங்குச் சந்தை ஐந்தாண்டுக் கீழ்மட்டத்துக்குச் சரிந்திருந்தது. உள்ளூர்ப் பக்கங்களில் கருத்துகள் வடிகட்டப்படுவதால், பணம் இழந்தவர்கள் ஒட்டகச்சிவிங்கியின் கீழே வந்து புலம்பித் தீர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் பின்னூட்டங்கள். ஷாங்காய் பங்குச் சந்தையைத் தகர்க்க ஏவுகணை கடன் கிடைக்குமா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார்.

தூதரகம் இரண்டையுமே உறவு வளர்க்கும் திட்டமாகப் போடவில்லை. உள்ளூரில் கிடைக்காத ஒன்று (ஓர் எண், அல்லது வாய்விட்டுப் பேச ஓர் இடம்) அங்கே கிடைத்தது. அதனால் மக்கள் வந்தார்கள்.

ஆபத்து யாருடைய தலையில்?

இஸ்ரேல் 2013இல் ஆறு வளைகுடா நாடுகளுக்கென்று ட்விட்டரில் ஒரு மெய்நிகர் தூதரகத்தைத் திறந்தது. அந்த ஆறு நாடுகளில் ஒன்றோடும் அதற்கு முறையான தூதரக உறவு இல்லாத நேரம். 2020 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் பஹ்ரைனோடும் உறவு கையெழுத்தானது. ட்விட்டர்தான் அதைச் சாதித்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஈரான் மீதான பொதுவான அச்சமும் வாஷிங்டனின் பேரமும் செய்த வேலை அது. ஆனால் பேச்சு பழக்கப்பட்டிருந்தது.

2018இல் ஈராக் வட்டார அரபியில் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தையும் இஸ்ரேல் தொடங்கியது. 2022 மே மாதம் ஈராக் நாடாளுமன்றம் இஸ்ரேலுடன் உறவு வைப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. சமூக ஊடகத் தொடர்பும் அதற்குள் வரும். மரண தண்டனை வரை கொடுக்கலாம். பக்கத்தை நடத்துபவர் ஜெருசலேமில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார், ‘லைக்’ போட்ட பாக்தாத் இளைஞர்தான் மாட்டிக்கொள்வார். கட்டடத் தூதரகத்துக்குள் போகிறவரை வாசலில் யாராவது பார்க்கலாம். இணையத்தில் நுழைகிறவரின் தடயம் அழிவதே இல்லை.

இப்போது என்ன நிலை?

இணைய நிலையமாக இருந்த இடங்கள் சிலவற்றில் கட்டடமே வந்துவிட்டது. 1991இல் மூடிய சோமாலியா தூதரகத்தை அமெரிக்கா 2019இல் மொகதிசுவில் திரும்பத் திறந்தது. 1996இல் மூடிய செஷல்ஸ் தூதரகம் 2023இல் திறந்தது. சீனாவோடு இந்தியப் பெருங்கடலில் நடக்கும் போட்டியை இதில் மறந்துவிட முடியாது. பெங்களூருக்கு 2023 ஜூனில் மோடி, பைடன் கூட்டறிக்கையில் வாக்குறுதி, 2025இல் திறப்பு. உண்மையிலேயே முக்கியம் என்று ஒரு நாடு முடிவெடுத்த ஊருக்கு அது இணையதளத்தோடு நிற்பதில்லை.

எதிர்த்திசையில் போனதும் உண்டு. பெய்ஜிங்கில் தொடங்கிய காற்றுக் கருவி பிறகு சென்னை உட்பட இந்திய நகரங்களின் அமெரிக்க அலுவலகங்களுக்கும் வந்தது. 2025 மார்ச்சில் அந்தத் தரவுப் பகிர்வை வாஷிங்டன் நிதிக் காரணம் சொல்லி உலகெங்கும் நிறுத்தியது.

நம்மவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று. ‘ஆன்லைன் தூதரகம்’ என்ற பெயரில் பணம் கேட்டு வரும் தளங்களை எப்படி அடையாளம் காண்பது?

1. அமெரிக்கத் தூதரகத் தளங்களின் முகவரி ‘டாட் கவ்’ (.gov) என்று முடியும். இந்தியத் தூதரகங்களுக்கு ‘கவ் டாட் இன்’ (gov.in). மற்ற நாடுகளுக்கு, அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத் தளத்தில் தொடங்கி இணைப்பைப் பிடித்துப் போவதே பத்திரம்.

2. மெய்நிகர் தூதரகம் விசாவோ பாஸ்போர்ட்டோ தருவதில்லை. தருவதாகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

3. வளைகுடாவில் சம்பளம் தராமல் இழுத்தடிக்கும் முதலாளி, பறித்து வைத்த பாஸ்போர்ட் போன்ற புகார்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘மதத்’ தளம் இருக்கிறது. இது தன் குடிமக்களுக்கான சேவை; புகார் எண் கிடைக்கும், அதை வைத்துப் பின்தொடரலாம்.

கட்டடம் இருந்தால் அசல் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2025 ஜூலையில் காசியாபாத்தில் வெஸ்ட்ஆர்க்டிகா என்ற, எந்த நாடும் அங்கீகரிக்காத ஒரு ‘நாட்டின்’ பெயரில் வாடகை பங்களாவில் ஓடிய போலித் தூதரகத்தை உத்தரப் பிரதேசப் போலீஸ் பிடித்தது. வாசலில் தூதரக நம்பர் பிளேட் மாட்டிய கார்கள்கூட நின்றன.